ஒரே படகு, இரண்டு கடல்: லிஸ்ப் புராஜெக்டுகளுக்கு ஈமாக்ஸைத் தனித்தனியாக அமைத்துக்கொள்வது

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். படகு அதேதான், எந்தக் கடலுக்குப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வலையை ஏற்றுவார்கள். ஒரு வலையை நிரந்தரமாகப் படகோடு சேர்த்துத் தைத்துவிட்டு இரண்டு கடலிலும் தொழில் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள்.

என் அக்கா மகன் ஈமாக்ஸ் எடிட்டரில் அதைத்தான் செய்துவைத்திருந்தான். அப்பாவின் படகுக்கு ஏலக்கணக்கு பார்க்க லிஸ்ப் குடும்பத்து மொழியான ஸ்கீமில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறான். நல்ல நிரல். அதற்கு வேண்டிய அமைப்புகளையெல்லாம் ஈமாக்ஸ் தொடங்கும்போது வாசிக்கும் தன் சொந்த தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டான். பிறகு ஒருநாள் என்னுடைய பழைய காமன் லிஸ்ப் (அதே குடும்பத்தின் இன்னொரு மொழி) புராஜெக்டைத் திறந்து மூன்று வரி திருத்தினான். ‘கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்’ என்று கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து உள்தள்ளலை (வரித் தொடக்கத்தில் விடும் இடத்தை) சரிசெய்யச் சொல்லி, சேமித்து, எனக்கு அனுப்பினான். முந்நூறு வரிக் கோப்பு. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் காட்டிய வித்தியாசத்தில் கிட்டத்தட்ட முந்நூறும் மாறியிருந்தன. அவன் திருத்திய அந்த மூன்று வரி எங்கே என்று தேடவே அரைமணி நேரம் ஆனது. (இடைவெளி மாற்றங்களை விட்டுவிட்டுக் காட்டச் சொல்ல, கிட் டிஃப் கட்டளையோடு சிறுகோடு டபிள்யூ சேர்க்க வேண்டும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.)

“மாமா, நான் ஒண்ணுமே பண்ணலையே, எடிட்டர்தான் பண்ணுச்சு” என்றான். உண்மைதான். ஆனால் எடிட்டருக்கு அப்படிச் சொல்லிவைத்தவன் அவன். அன்று மாலை போனில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் சொன்னது என்பதால் கட்டளைப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே தமிழில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். முழுப் பெயரையும் தட்ட வேண்டியதில்லை. முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் ஈமாக்ஸே மீதியை நிரப்பும்.

எது யாருடையது

கோப்பைத் தொடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஈமாக்ஸில் ஓர் அமைப்பை மூன்று இடங்களில் எழுதலாம். உங்கள் தொடக்கக் கோப்பில் எழுதினால் நீங்கள் திறக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு நிரல் கோப்பின் முதல் வரியிலோ கடைசியிலோ எழுதினால் அந்தக் கோப்புக்கு மட்டும். இடைப்பட்டது ஃபோல்டர் அளவிலான அமைப்பு. அந்த ஃபோல்டரிலும் அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களிலும் உள்ள கோப்புகளுக்கு அது பொருந்தும். ஈமாக்ஸின் 23-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2009 முதல், இந்த வசதி இருக்கிறது.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். என் கணக்கு இது: கோப்பில் சேமிக்கப்படும் எழுத்துகளை மாற்றும் எதுவும் புராஜெக்டுடையது. டேப் போடுவதா இடைவெளி போடுவதா, வரி எத்தனை எழுத்தில் உடைய வேண்டும், ஒரு மேக்ரோவின் (நீங்களே உண்டாக்கும் புதுக் கட்டளையின்) உடல் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்பவை இந்த வகை. நிரலை எந்த மொழிபெயர்ப்பியில் (நிரலை வாசித்து ஓட்டும் மென்பொருளில்) ஓட்டுவது என்பதும் புராஜெக்டுடையதே. எழுத்துரு, நிறம், அடைப்புக்குறிகளை வானவில்லாக்குவது, விசைக் குறுக்குவழிகள் எல்லாம் உங்களுடையவை. அவற்றைப் புராஜெக்ட் கோப்பில் போட்டால் அடுத்தவன் திரையில் உங்கள் ரசனை போய் உட்கார்ந்துகொள்ளும். அடைப்புக்குறிகளை ஜோடி பிரியாமல் காக்கும் பேரெடிட் பிடிக்காதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு அது புரிவதில்லை, ஆனாலும் இருக்கிறார்கள்.

கோப்பை உருவாக்குதல்

கோப்பின் பெயரைப் போனில் நான் சொன்னபடி: புள்ளி, டி-ஐ-ஆர் (டைரக்டரியின் முதல் மூன்று எழுத்து), சிறுகோடு, எல்-ஓ-சி-ஏ-எல்-எஸ், புள்ளி, இ-எல். முதல் புள்ளியை விட்டுவிடாதீர்கள். விட்டால் கோப்பு இருக்கும், வேலை செய்யாது, எந்தப் பிழைச்செய்தியும் வராது. இனி இதை டிர்-லோக்கல்ஸ் என்றே சொல்கிறேன்.

கையால் உருவாக்கலாம், ஆனால் முதல் தடவை வேண்டாம். ஈமாக்ஸையே எழுதச் சொல்லுங்கள். புராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்கீம் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டரின் கோப்பிலிருந்து தொடங்கினால், மேலே ஏற்கெனவே டிர்-லோக்கல்ஸ் இல்லாதபோது, புதுக் கோப்பு அந்த உள் ஃபோல்டரிலேயே உருவாகிவிடும். அதனால்தான் மேல்மட்டம் என்கிறேன்.

இப்போது ஆல்ட் விசையோடு எக்ஸ். கீழே வரும் இடத்தில் ஆட்-டிர்-லோக்கல்-வேரியபிள் என்று தட்டி என்டர். மூன்று கேள்வி கேட்கும். எந்த மோட் (கோப்பின் மொழிக்கேற்ப ஈமாக்ஸ் நடந்துகொள்ளும் முறை) என்றால், திறந்திருக்கும் கோப்பின் மோடையே காட்டும். ஸ்கீம்-மோட் என்றிருந்தால் என்டர் அழுத்துங்கள். எந்த அமைப்பு என்றால் இன்டென்ட்-டேப்ஸ்-மோட். என்ன மதிப்பு என்றால் நில். நில் என்பது லிஸ்பில் ‘இல்லை’. ஆகவே, உள்தள்ளலுக்கு டேப் வேண்டாம், இடைவெளியே போடு என்று பொருள்.

உடனே டிர்-லோக்கல்ஸ் கோப்பு திறந்து நிற்கும், ஆனால் இன்னும் சேமிக்கப்பட்டிருக்காது. கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஸ். இதை மறந்துவிட்டு ‘வேலை செய்யலையே’ என்று கேட்பவர்கள் அதிகம்.

அதே வழியில் ஃபில்-காலம் என்ற அமைப்புக்கு 80 கொடுத்தால் (ஈமாக்ஸ் தானாக வைத்திருப்பது 70), கோப்பு இப்படி இருக்கும்:

((ஸ்கீம்-மோட் . ((இன்டென்ட்-டேப்ஸ்-மோட் . நில்)
                (ஃபில்-காலம் . 80))))

இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த தடவை நேரடியாக இதில்தான் எழுதப்போகிறீர்கள். வெளி அடைப்பு மொத்தப் பட்டியல். அதற்குள் ஒவ்வொரு மோடுக்கும் ஒரு ஜோடி: இடப்பக்கம் மோடின் பெயர், நடுவில் புள்ளி, வலப்பக்கம் அந்த மோடுக்கான அமைப்புகளின் பட்டியல். அந்தப் பட்டியலுக்குள்ளும் ஒவ்வோர் அமைப்பும் இதேபோல் புள்ளி வைத்த ஜோடி. புள்ளிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கட்டாயம். ஒட்டி எழுதினால் ஈமாக்ஸ் அதைப் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும்.

ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்பில் நிரலுக்கும் தரவுக்கும் இதே அடைப்புக்குறிப் பட்டியல்தான் உடுப்பு. டிர்-லோக்கல்ஸ் தரவு, நிரல் அல்ல. ஈமாக்ஸ் இதை வாசிக்கும், இயக்காது. ஆகவே நில்லுக்கோ ஸ்கீம்-மோடுக்கோ முன்னால் ஒற்றை மேற்கோள் போடக் கூடாது. தொடக்கக் கோப்பில் மேற்கோள் போட்டுப் பழகிய கை இங்கேயும் போடும். கவனம்.

மோடின் இடத்திலும் நில் எழுதலாம். அங்கே அதற்கு ‘எல்லா மோடுக்கும்’ என்று பொருள். ஒரே வரியில் இரண்டு நில், இரண்டு பொருள். வசதியாகத் தெரிந்தாலும் டேப் விஷயத்தில் இதைச் செய்யாதீர்கள். புராஜெக்டில் மேக் கட்டளை வாசிக்கும் மேக்ஃபைல் இருந்தால் அதற்கு உண்மையான டேப் எழுத்து வேண்டும். நீங்கள் எல்லாவற்றிலும் டேப்பை நிறுத்தினால் மேக் கட்டளை முறைத்துக்கொள்ளும். லிஸ்ப் மோடுகளை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். காமன் லிஸ்புக்கு லிஸ்ப்-மோட், ஈமாக்ஸின் சொந்த மொழிக்கு ஈமாக்ஸ்-லிஸ்ப்-மோட், குளோஜருக்கு குளோஜர்-மோட்.

டேப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஈமாக்ஸ் தானாக இருக்கும்போது உள்தள்ளலில் எட்டு இடைவெளி சேர்ந்தால் அதை ஒரு டேப்பாக மாற்றிவிடும். பழைய லிஸ்ப் கோப்புகளில் இடைவெளியும் டேப்பும் கலந்து கிடப்பது இதனால்தான். டேப்பை நான்காக எண்ணும் எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் படிக்க முடியாது. என் காமன் லிஸ்ப் புராஜெக்ட் அந்தப் பழைய ரகம். அதில் நான் டேப்பை மாற்றவில்லை, இருப்பதை இருக்கிறபடி வைக்கத்தான் அதன் டிர்-லோக்கல்ஸில் இன்டென்ட்-டேப்ஸ்-மோடுக்கு டி (டேப்பின் முதல் எழுத்து) என்று, அதாவது ‘ஆம்’ என்று, எழுதியிருக்கிறேன். புதிய புராஜெக்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், இடைவெளிதான்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

சேமித்துவிட்டீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகளுக்கு இது தானாகப் போய்ச் சேராது. கோப்பைத் திறக்கும் நேரத்தில்தான் ஈமாக்ஸ் டிர்-லோக்கல்ஸைத் தேடும். கோப்பை மூடித் திறக்கலாம், அல்லது அந்தக் கோப்பில் நின்றுகொண்டு ஆல்ட் எக்ஸ் நார்மல்-மோட் என்று கொடுக்கலாம்.

அடுத்து கண்ட்ரோல் எச், பிறகு வி, பிறகு இன்டென்ட்-டேப்ஸ்-மோட். திறக்கும் விளக்கத்தில் இப்போதைய மதிப்பு இருக்கும். அது ஃபோல்டர் அளவில் வைக்கப்பட்டது என்பதும், எந்தக் கோப்பு வைத்தது என்பதும் சேர்ந்தே இருக்கும். அந்தக் கோப்பின் பாதையை ஒரு தடவை படித்துப் பாருங்கள். நீங்கள் நினைக்காத ஃபோல்டரின் பெயர் அங்கே இருந்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

சிக்கல் பெரும்பாலும் இதுதான்: ஈமாக்ஸ் உங்கள் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே போய்த் தேடும். முதலில் கிடைக்கும் டிர்-லோக்கல்ஸோடு நின்றுவிடும். மேலே இன்னொன்று இருந்தாலும் பார்க்காது, இரண்டையும் சேர்க்காது. உள் ஃபோல்டரில் தெரியாமல் ஒன்று உருவாகிவிட்டால் மேலே நீங்கள் எழுதியதெல்லாம் அந்த ஃபோல்டருக்கு இல்லை என்றாகிவிடும். உள் ஃபோல்டருக்கு வேறு அமைப்பு வேண்டுமானால் தனிக் கோப்பு வேண்டாம். மேலே உள்ள அதே கோப்பிலேயே, மோடின் இடத்தில் ஃபோல்டரின் பெயரை மேற்கோளுக்குள் எழுதலாம்:

((ஸ்கீம்-மோட் . ((இன்டென்ட்-டேப்ஸ்-மோட் . நில்)
                (ஃபில்-காலம் . 80)))
 ("சோதனை" . ((ஸ்கீம்-மோட் . ((ஃபில்-காலம் . 100))))))

எதுவுமே பிடிபடாமல், கோப்பைத் திறக்கும்போது கீழே ஏதோ பிழைச்செய்தி ஓடுகிறது என்றால், அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். டிர்-லோக்கல்ஸில் நின்று ஆல்ட் எக்ஸ் செக்-பேரன்ஸ். எங்கே பொருந்தவில்லையோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

ஈமாக்ஸ் கேட்கும் கேள்வி

அக்கா மகன் இங்கேதான் என்னைக் கோபப்படுத்தினான். “ஏதோ நீளமா கேட்டுச்சு மாமா, ஆச்சரியக்குறி அழுத்துனா போயிடுதுன்னு அழுத்திட்டேன்.”

என்ன நடக்கிறது என்றால், டிர்-லோக்கல்ஸ் யார் எழுதியதாகவும் இருக்கலாம். இணையத்திலிருந்து இறக்கிய ஃபோல்டரில் எவரோ எழுதி வைத்த அமைப்பு, நீங்கள் கோப்பைத் திறந்த கணத்தில் உங்கள் ஈமாக்ஸுக்குள் நுழையும். அதனால் ஈமாக்ஸ் அமைப்புகளை வகை பிரிக்கிறது. பாதுகாப்பானவை என்று குறிக்கப்பட்டவை கேள்வி இல்லாமல் உள்ளே வரும்: இன்டென்ட்-டேப்ஸ்-மோடுக்கு ஆம் அல்லது இல்லை, ஃபில்-காலத்துக்கு ஓர் எண். இவற்றால் யாருக்கும் கேடு இல்லை. மற்றவற்றுக்கு, பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும்.

ஒய் அழுத்தினால் இந்தத் தடவைக்கு மட்டும் சரி. ‘என்’ எழுத்தை அழுத்தினால் வேண்டாம். ஆச்சரியக்குறி என்றால், சரி, இந்த மதிப்புகளை இனி எப்போதும் நம்பு என்று பொருள். அவற்றை ஈமாக்ஸ் உங்கள் தொடக்கக் கோப்பில் எழுதியே வைத்துக்கொள்ளும். 30-ஆம் பதிப்பில் கூட்டல் குறியும் வந்திருக்கிறது. அது இந்த ஃபோல்டரிலிருந்து வரும் எல்லாவற்றையும் நம்பச் சொல்வது. உங்கள் சொந்தப் புராஜெக்டுக்குக் கூட்டல் குறி நல்ல வசதி. அடுத்தவர் புராஜெக்டுக்கு, பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகு, ஒய்.

இன்னும் ஒரு வகை உண்டு: பெயரைக் கேட்டாலே ஈமாக்ஸ் சந்தேகப்படும் அமைப்புகள். பெயரின் கடைசியில் புரோகிராம், கமாண்ட், ஹுக், ஃபங்ஷன் என்று வந்தால் அது எதையோ இயக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளும். இவற்றுக்கு ஆச்சரியக்குறி அழுத்தினாலும் நிரந்தர அனுமதி கிடைக்காது, ஒவ்வொரு தடவையும் கேட்கும். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலில் ‘எல்லாவற்றையும் கேட்காமல் ஏற்றுக்கொள்’ என்று எனேபிள்-லோக்கல்-வேரியபிள்ஸ் அமைப்பை மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்காவது கண்ணில் படும். செய்யாதீர்கள். அது வீட்டுக் கதவைக் கழற்றிவைப்பது.

மேக்ரோவுக்கு உள்தள்ளல்

லிஸ்புக்கென்று தனியாக அமைக்க வேண்டிய இடம் இதுதான். மற்ற மொழிகளில் எடிட்டருக்கு மொழியின் இலக்கணம் தெரிந்தால் போதும். லிஸ்பில் நீங்களே புது இலக்கணம் உண்டாக்குகிறீர்கள். நீங்கள் எழுதிய மேக்ரோ, எடிட்டர் கண்ணுக்குச் சாதாரணச் சார்பாகத்தான் (ஃபங்ஷனாகத்தான்) தெரியும்.

ஏலக்கணக்கு நிரலில் ஒரு மேக்ரோ இருக்கிறது. அதை ஓட்டும் கைல் மொழிபெயர்ப்பி யூனிகோட் பெயர்களை ஏற்கும் என்பதால் பையன் பெயர்களைத் தமிழிலேயே வைத்துவிட்டான். எனக்கு முதலில் தயக்கம், இப்போது பிடித்துவிட்டது. ஈமாக்ஸ் அதைத் தானாக உள்தள்ளினால் இப்படி வரும்:

(படகுதோறும் (படகு இன்றைய-பட்டியல்)
            (எடை-கூட்டு படகு)
            (ஏலம்-பதி படகு))

சார்பு என்று நினைத்து எல்லாவற்றையும் முதல் மதிப்புக்கு நேர்கீழே அடுக்குகிறது. நமக்கு வேண்டியது இது:

(படகுதோறும் (படகு இன்றைய-பட்டியல்)
  (எடை-கூட்டு படகு)
  (ஏலம்-பதி படகு))

தமிழ்ப் பெயர் வைத்தால் இது அழகு மட்டும் சார்ந்ததல்ல. தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் கிடையாது. ‘டி’யும் ‘ணௌ’வும் திரையில் ஒரே இடத்தையா பிடிக்கின்றன? பெயருக்குப் பின்னால் நேர்கீழே அடுக்கும்போது உங்கள் கணினியில் நேராகத் தெரிவது, வேறு எழுத்துரு உள்ள இன்னொருவர் கணினியில் கோணலாகும். வரியின் தொடக்கத்திலிருந்து இரண்டு இடைவெளி என்றால் எந்த எழுத்துருவிலும் அது இரண்டு இடைவெளிதான்.

இதைச் சொல்ல, டிர்-லோக்கல்ஸில் இவால் என்ற சிறப்புப் பெயர் இருக்கிறது. அதற்கு வலப்பக்கம் இருப்பதை மட்டும் ஈமாக்ஸ் இயக்கும். இயக்கப்படுவது என்பதால் இதற்குள் மட்டும் மேற்கோள் வேண்டும்:

((ஸ்கீம்-மோட் .
  ((இன்டென்ட்-டேப்ஸ்-மோட் . நில்)
   (ஃபில்-காலம் . 80)
   (இவால் . (புட் 'படகுதோறும் 'ஸ்கீம்-இன்டென்ட்-ஃபங்ஷன் 1)))))

கடைசியில் உள்ள 1 என்ன? உடலுக்கு முன்னால் தலைப்பாக நிற்கும் மதிப்புகள் எத்தனை என்பது. படகுதோறும் மேக்ரோவில் தலைப்பு ஒன்று, அந்தச் சின்ன அடைப்பு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் உடல், இரண்டு இடைவெளி உள்ளே. தலைப்பே இல்லாத மேக்ரோவுக்கு 0. ஈமாக்ஸ் லிஸ்புக்கு இதே வரியில் ஸ்கீம்-இன்டென்ட்-ஃபங்ஷன் இருக்கும் இடத்தில் லிஸ்ப்-இன்டென்ட்-ஃபங்ஷன் என்று எழுதுங்கள்.

இவால் என்றாலே ஈமாக்ஸ் அனுமதி கேட்கும், ஆனால் இந்த வடிவத்துக்குக் கேட்காது. புட், மேற்கோளிட்ட பெயர், உள்தள்ளல் பண்பு, ஓர் எண் என்று மட்டும் இருந்தால் அது தீங்கில்லாதது என்று அதற்குத் தெரியும். எண்ணுக்குப் பதில் ஒரு சார்பைக் கொடுத்தால் கேட்கும். முடிந்தவரை எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குனூ கீக்ஸ் என்ற ஸ்கீம் புராஜெக்டின் டிர்-லோக்கல்ஸைத் திறந்து பாருங்கள். இதேபோல் புட் வரிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். நல்ல மாதிரி.

இதில் ஒரு பொத்தல் உண்டு. இன்டென்ட்-டேப்ஸ்-மோட் போன்றவை அந்தந்தக் கோப்போடு நிற்கும். புட் அப்படியல்ல. அது பெயரின்மேல் குறிப்பை ஒட்டிவிடுகிறது, அந்த ஈமாக்ஸ் ஓடும்வரை எல்லா இடத்திலும் அது ஒட்டியே இருக்கும். இரண்டு புராஜெக்டில் ஒரே பெயரில் வேறு வேறு வடிவ மேக்ரோ இருந்தால், கடைசியாகத் திறந்தது ஜெயிக்கும். டிர்-லோக்கல்ஸிலிருந்து வரியை அழித்தாலும் ஈமாக்ஸை மூடித் திறக்கும்வரை பழைய குறிப்பு போகாது. ஒரு சனிக்கிழமை முழுக்க இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மேக்ரோவுக்குப் பொதுவான பெயர் வைக்காமல் புராஜெக்டுக்கே உரிய பெயர் வைப்பது இதற்கும் உதவும்.

எதில் ஓட்டுவது

ஸ்கீம் என்பது ஒரு மொழி, ஓட்டுபவை பல: கைல், சிக்கன், ராக்கெட் என்று. ஈமாக்ஸில் இவற்றோடு பேசக் கைசர் என்ற பொதி இருக்கிறது. கைலுக்கு கைசர்-கைல் என்ற பொதியையும் சேர்த்து நிறுவுங்கள். புராஜெக்ட் எதில் ஓடும் என்று டிர்-லோக்கல்ஸில் சொல்லிவிட்டால் ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்:

(கைசர்-ஸ்கீம்-இம்ப்ளிமென்டேஷன் . கைல்)

ஸ்கீம்-மோட் பட்டியலுக்குள் இந்த ஜோடியைச் சேர்த்தால் போதும். காமன் லிஸ்பில், ஈமாக்ஸோடு கூடவே வரும் ரன்-லிஸ்ப் கட்டளைக்கு, இன்ஃபீரியர்-லிஸ்ப்-புரோகிராம் என்ற அமைப்பில் "எஸ்பிசிஎல்" என்று மொழிபெயர்ப்பியின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். பெயர் புரோகிராம் என்று முடிகிறதல்லவா, அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும். இதனாலேயே நான் இதை என் தொடக்கக் கோப்பில் வைத்துவிட்டேன். ஒரே மொழிபெயர்ப்பியைத்தான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன், எனக்கு அது போதும். குளோஜர்காரர்கள் சைடர்-குளோஜர்-சிஎல்ஐ-ஏலியாசஸ் அமைப்பைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ":டெவ்" என்று கொடுப்பார்கள்.

உங்களுக்கு மட்டும்

புராஜெக்டுக்கு உரியதுதான், ஆனால் உங்கள் கணினிக்கு மட்டும் பொருந்தும் என்று சில இருக்கும். திரை சின்னது, ஃபில்-காலம் 72 வேண்டும் என்பதுபோல். அதற்கு அதே ஃபோல்டரில் இன்னொரு கோப்பு: டிர்-லோக்கல்ஸ் பெயரிலேயே, கடைசிப் புள்ளிக்கு முன்னால் சிறுகோடு 2 சேர்த்தது. 26-ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. முதல் கோப்புக்குப் பிறகு இதையும் ஈமாக்ஸ் வாசிக்கும், மோதினால் இதன் சொல்தான் நிற்கும். முதல் கோப்பை கிட்டில் சேர்த்துவிடுங்கள், இரண்டாவதை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில்) எழுதுங்கள். பையன் இரண்டையும் கிட்டில் சேர்த்து அனுப்பினான், என் பெரிய திரையில் வரிகள் 72-இல் உடைந்தன.

சில்லறைத் தொல்லைகள்

தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன, ஆகவே யூடிஎஃப்-8 என்று டிர்-லோக்கல்ஸிலேயே கோடிங் அமைப்பைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். முடியாது. ஃபோல்டர் அளவில் கோடிங்கைச் சொல்ல முடியாது என்று எச்சரிக்கை மட்டும் வரும். தேவையென்றால் அந்தந்தக் கோப்பின் முதல் வரியில், நிரலுக்கான குறிப்பு வரியாக, முன்னும் பின்னும் ‘சிறுகோடு, நட்சத்திரம், சிறுகோடு’ போட்டு, நடுவில் எழுத வேண்டும். இன்றைய கணினிகளில் ஈமாக்ஸ் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்வதால் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

வேறு கணினியில் உள்ள கோப்பை ஈமாக்ஸ் வழியாகவே தொலைவிலிருந்து திறப்பவர்களுக்கு: அங்கே டிர்-லோக்கல்ஸ் தானாக வேலை செய்யாது. எனேபிள்-ரிமோட்-டிர்-லோக்கல்ஸ் அமைப்புக்கு டி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டராக மேலே ஏறித் தேடுவது வலைப்பின்னலில் நேரமெடுக்கும் வேலை என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் தீவில் மழைநாளில் நெட்வொர்க் இருக்கும் லட்சணத்துக்கு அது நிற்பதே நல்லது.

கூட்டாளிகளில் யாராவது விஎஸ் கோட் வைத்திருந்தால் அவர்களுக்கு டிர்-லோக்கல்ஸ் வெறும் கோப்பு. டேப், இடைவெளி போன்ற பொதுவானவற்றை எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுதினால் இரண்டு பக்கமும் படிக்கும். ஈமாக்ஸ் 30-இல் அந்த வசதி கூடவே வருகிறது, எடிட்டர்கான்ஃபிக்-மோடை இயக்கினால் போதும். விஎஸ் கோடில் அதற்குத் தனி நீட்சி நிறுவ வேண்டும். மேக்ரோ உள்தள்ளலை மட்டும் அதில் சொல்ல வழியில்லை, அது டிர்-லோக்கல்ஸிலேயே இருக்கட்டும்.

அடுத்த வாரம் பையன் ஏலக்கணக்கை மறுபடி அனுப்பினான். திறந்ததும் ஈமாக்ஸ் கேள்வி கேட்டது. பட்டியலைப் பார்த்தேன்: ஓர் இவால் வரி, புட் இல்லை, ஏதோ பெரிய சார்பு. போன் போட்டேன்.

“இது என்ன மாப்ள?”

“அது... கோப்பைத் திறந்ததும் இன்னைக்கு ஏல விலையைக் காட்டும் மாமா.”

‘என்’ எழுத்தை அழுத்தினேன். அந்த வரியை அவன் தொடக்கக் கோப்புக்கு மாற்றச் சொன்னேன்.